மகளிர் தொகை: அறிவிப்பு போதாது, சட்டம் வேண்டும்

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. விண்ணப்பித்தவர்கள் சுமார் 1.63 கோடிப் பேர். தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடிப் பேர். மாதம் 1,000 ரூபாய் நேரே அவர்களின் வங்கிக் கணக்குக்குப் போனது. மேற்கு வங்கம் 2021-லேயே இதே போன்ற லட்சுமிர் பண்டார் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் லாட்லி பெஹ்னா, கர்நாடகத்தில் கிருகலட்சுமி, மகாராஷ்டிரத்தில் லாட்கி பஹின் என்று அந்த வழியில் போன மாநிலங்கள் பல. பா.ஜ.க., காங்கிரஸ், தி.மு.க., திரிணாமூல் என எல்லாக் கட்சிகளும் கையில் எடுத்த திட்டம் இது.

ஓட்டுக்கான இலவசம் என்று இதை ஒரேயடியாக ஒதுக்குவோர் 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண் ஒருவர் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். சமையல், துணி துவைத்தல் எனப் போகும் அந்த ஐந்து மணி நேரம் நாட்டின் உற்பத்திக் கணக்கில் ஏறுவதே இல்லை. அந்த உழைப்பைக் கண்டுகொண்டதுதான் இத்திட்டங்களின் முதல் பெருமை. இடைத்தரகர் இல்லாமல், பெண்ணின் சொந்தக் கணக்கில் பணம் சேர்வது இரண்டாவது. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கோ காய்ச்சல் மருந்துக்கோ அவர் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

குறைகளும் சிறியவை அல்ல.

தமிழகத்தின் தகுதி விதிகளையே எடுத்துக்கொள்வோம். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. நன்செய் 5 ஏக்கருக்கும் புன்செய் 10 ஏக்கருக்கும் மேல் இருக்கக் கூடாது. ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர் மட்டுமே. பெண்ணின் உழைப்பை மதிக்க வந்த திட்டம், அவருடைய தகுதியைக் கணவரின் சம்பளத்தையும் வீட்டு மின்மீட்டரையும் வைத்து அளக்கிறது. கணவர் நன்றாகச் சம்பாதித்தும் மனைவி கையில் பத்து ரூபாய் தராத வீடுகள் இந்த அளவுகோலில் தெரிவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து உழைத்தாலும் ஒருவர் உழைப்புதான் கணக்கில் வருகிறது.

அடுத்தது காலம். மத்தியப் பிரதேசத்தில் 1,000 ரூபாய் 1,250 ஆனது 2023 அக்டோபரில். சட்டமன்றத் தேர்தல் நவம்பரில். மேற்கு வங்கத்தில் பொதுப் பிரிவினரின் 500 ரூபாய் இரட்டிப்பானது 2024 மக்களவைத் தேர்தலை ஒட்டி. மகாராஷ்டிரம் 2024 ஜூனில் திட்டத்தை அறிவித்தது; நவம்பரில் தேர்தல். ஆளும் கூட்டணி வென்ற பிறகுதான் பட்டியலைச் சலிக்கும் வேலை தொடங்கியது. லட்சக்கணக்கான பெயர்கள் நீக்கப்பட்டன. தொகை எப்போது ஏறும், பெயர் எப்போது விழும் என்பதைத் தேர்தல் நாள்காட்டி தீர்மானித்தால், வாங்கும் பெண் குடிமகள் என்ற இடத்திலிருந்து பயனாளியாக இறங்கிவிடுகிறார்.

செலவையும் மறைக்க வேண்டியதில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மகளிர் உரிமைத் தொகைக்குத் தமிழகம் ஒதுக்கியது 13,807 கோடி ரூபாய். அதே ஆண்டின் மதிப்பிடப்பட்ட வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. பற்றாக்குறையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான தொகை இது. பெண்களின் கையில் போய்ச் சேரும் பணம் உள்ளூர் மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் திரும்புகிறது என்பது உண்மை. ஆனால் வருவாய் பெருகாமல் தொகையை மட்டும் ஏலம் போல் ஏற்றிக்கொண்டே போனால், அடி விழுவது அதே பெண்கள் நம்பியிருக்கும் அரசுப் பள்ளியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும்தான்.

திட்டத்தை நிறுத்துவது தீர்வாகாது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷன் தானியத்தை அரசின் கருணையிலிருந்து மீட்டுச் சட்ட உரிமையாக்கியது. மகளிர் தொகைக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். விலைவாசிக் குறியீட்டோடு தொகை ஆண்டுதோறும் தானாக உயர வேண்டும். பெயரை நீக்குமுன் எழுத்துமூலம் காரணம் சொல்லி, மேல்முறையீட்டுக்கு அவகாசம் தர வேண்டும். தேர்தலுக்கு முந்தைய ஆறு மாதங்களில் புதிய உயர்வு அறிவிக்கத் தடை வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம், எத்தனை ரூபாய் தருவீர்கள் என்பதோடு, சட்டமன்றத்தில் எப்போது மசோதா கொண்டுவருவீர்கள் என்றும் பெண்கள் கேட்க வேண்டும்.