வெண்மை எதைச் சொல்கிறது?

சுவரில் ஒரு பெருஞ்சுழல். அதன் நடுவே கடற்பஞ்சுகளும் கடற்சாமந்திகளும் மூளையின் மடிப்பை ஒத்த பவளங்களும் பல வண்ணங்களில் செறிந்திருக்கின்றன. விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல நிறம் வடிந்து, இறுதியில் வெண்மையே எஞ்சுகிறது. அமெரிக்கச் சிற்பி கோர்ட்னி மாட்டிசன் 2014-இல் களிமண்ணால் வனைந்து சுட்ட 'மாறிவரும் நம் கடல்கள்' வரிசையின் மூன்றாம் படைப்பு இது. நேரில் காணும் பேறு எனக்கு வாய்க்கவில்லை, நிழற்படங்களில்தான் கண்டேன். என் மதிப்பீடு அந்த அளவுக்குக் குறையுடையதே.

மாட்டிசன் கடல்சார் உயிரியலையும் மட்கலையையும் ஒருங்கே பயின்றவர். உணவருந்தும் குச்சி, தூரிகை போன்ற எளிய கருவிகளைக் கொண்டு துளை துளையாகக் குத்திப் பவளத்தின் மேனியை உருவாக்குகிறார். பவளப்பாறையும் இத்தகைய பொறுமையில்தான் எழுகிறது. சில மில்லிமீட்டரே அளவுள்ள உயிரிகள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. அவ்வீடுகள் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து பாறையாகின்றன. மாட்டிசனின் மெருகுப் பூச்சிலும் அதே கால்சியம் கார்பனேட் உண்டு. பொருளும் செய்முறையும் கருவோடு இவ்வளவு இசைந்திருப்பது கலையில் அரிது.

ஆனால் அந்த வெண்மை? எங்கள் மறைக்கல்வி வகுப்பில் படத்தைக் காட்டியபோது, "வெள்ளையா இருக்கறதெல்லாம் செத்துப்போச்சா, ஃபாதர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆம் என்றேன். நானும் அதைப் பிணத்தின்மேல் போர்த்திய துணியாகவே எண்ணியிருந்தேன். பின்னர் அறிவியல் நூல்களைப் புரட்டியபோதுதான் என் விடை பிழையென உணர்ந்தேன்.

பவள உயிரியின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அதன் உணவில் பெரும்பகுதியையும் நிறத்தையும் தருபவை அவையே. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட நீரின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நீடித்தால், பாசிகள் வெளியேற்றப்படுகின்றன. ஒளி ஊடுருவும் தசைக்கு அடியில் வெள்ளெலும்பு தெரிகிறது. அப்பவளம் பசியால் வாடுகிறது, எனினும் இறக்கவில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் திரும்பிவரக்கூடும். மெய்யாகவே இறந்த பவளம் வெண்மையாக நெடுநாள் இராது. பழுப்பும் பச்சையுமாக வேறு பாசி படர்ந்து அதை மூடிவிடும்.

ஆகவே வெண்மை என்பது சாவல்ல. உதவி வந்து சேரக்கூடிய கடைசி நாழிகை. சிற்பி இதை அறியாதவரல்லர். பவளம் மீள இன்னும் காலமுண்டு என்று அவரே கூறியுள்ளார். ஆனால் படைப்பு அதைச் சொல்லவில்லை. அவருடைய வெண்மை மிகத் தூயது, மிக அமைதியானது. பார்ப்பவர் அதை அழகியதொரு முடிவாக ஏற்று, இரங்கி, நகர்ந்துவிடலாம். அருவருப்பான அந்தப் பாசிப் படலத்தை ஓரத்தில் ஒரு முழமேனும் காட்டியிருந்தால், வெண்மை ஓர் இடைநிலை என்பது கண்ணுக்கே விளங்கியிருக்கும். அழகு கெட்டிருக்கும்தான். கெட்டிருக்கலாம்.

எரேமியா நூலின் 18-ஆம் அதிகாரத்தில் குயவன் கெட்டுப்போன மண்ணை மீண்டும் வேறு கலமாக வனைகிறான். அடுத்த அதிகாரத்தில் உடைபடும் சாடியையோ எவராலும் சரிசெய்ய இயலாது. முன்னது ஈரமண், பின்னது சுட்டமண். வெளிறிய பவளம் ஈரமண்ணின் நிலையில் இருக்கிறது. அதைச் சொல்லவந்த சிற்பமோ ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் இறுகிப்போனது. இம்முரணுக்குச் சிற்பியைக் குறைகூற முடியாது. ஆனால் அதைத் தாண்டிச் செல்ல அவர் முயன்றிருக்கலாம்.

பவளப்பாறைகள் அழிவதைக் குறித்துப் பிலிப்பைன்ஸ் ஆயர்கள் 1988-இல் எழுப்பிய வினாவைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் எடுத்தாண்டார். 2023 முதல் 2025 வரையிலான காலத்தில், உலகப் பவளப்பரப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியை வெளிறச்செய்யும் வெப்பம் தாக்கியது. இந்த வரிசையின் ஐந்தாம் படைப்பு 2018-இல் உருவாகி, ஜகார்த்தாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் இடம்பெற்றது. வாசகர்களுள் எவரேனும் அங்குச் செல்ல நேர்ந்தால், விளிம்பருகே சற்று நின்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அந்தச் சிறுமிக்கு நான் இன்னும் சரியான விடை சொல்லவில்லை.