வேர்ச்சொல்லும் காந்தப்பதிவும்: ஓர் அரபுமொழி ஆய்வைப் பற்றி

நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை அக்குறணையில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் முறையான இளைஞர் ஒருவர் தொலைபேசியை நீட்டினார். "மாமா, இதப் பாருங்க. அரபு கேக்கக்கொள்ள மூள வேற மாதிரி வேல செய்யுதாம். மெஷின் வெச்சிப் பாத்தீக்கி." எந்த மெஷின், யார் பார்த்தது என்று கேட்டேன். "அது ஒன்டும் செல்லல்ல" என்றார்.

இப்படி ஊர் சுற்றும் செய்திகளுக்குப் பின்னால் சில வேளை நல்ல ஆய்வொன்று நிற்கும். செய்தியைத் தள்ளும்போது அதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம். அந்த வகையில் நாம் வாசித்திருக்க வேண்டியது லோரா குவில்லியம்ஸும் அலெக் மரண்ட்ஸும் 2015இல் 'பிரெய்ன் அண்ட் லாங்குவேஜ்' சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை. அபூதாபியிலுள்ள நியூயோர்க் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய இவ்விருவரும், காதில் விழும் அரபுச் சொல்லை மூளை எப்படி இனங்காண்கிறது என்று எம்.இ.ஜி. எனப்படும் மூளைக் காந்தப்பதிவின் மூலம் ஆராய்ந்தார்கள்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்புக் கலங்களில் மின்னோட்டம் ஓடும்போது அதைச் சுற்றி மிக நுண்ணிய காந்தப்புலம் உண்டாகிறது. பூமியின் காந்தப்புலத்தை விட அது கோடிக்கணக்கான மடங்கு சிறியது. ஆகவே காந்தத் தடுப்பு அறைக்குள், திரவ ஹீலியத்தில் ஏறத்தாழ −269 பாகை செல்சியசுக்குக் குளிராக்கிய உணரிகளைத் தலைக்கவசம் போல் வைத்துப் பதிகிறார்கள். டேவிட் கோஹன் 1968இல் முதற்பதிவைச் செய்தார். நமக்கு அருகில் பெங்களூர் நிம்ஹான்ஸில் இக்கருவி உண்டு. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் உணரிகளையே சொந்தமாகச் செய்து கருவி அமைத்திருக்கிறார்கள். இதன் பலம் வேகம். ஆயிரத்திலொரு செக்கனில் நடக்கும் மாற்றத்தையும் அது தவறவிடாது. ஒரு சொல்லின் முதல் ஒலிக்கும் கடைசி ஒலிக்கும் இடையே என்ன நடக்கிறது என்று பார்க்க இந்த வேகம் வேண்டும்.

இனி ஆய்வுக்கு வருவோம். இல்ம், ஆலிம், முஅல்லிம் மூன்றும் நம் வீட்டுச் சொற்கள்தான். மூன்றிலும் ஐன், லாம், மீம் என்ற ஒரே வேர் இருக்கிறது. ஸர்பு ஓதிய எவருக்கும் இது முதல் மாதப் பாடம். ஆனால் ஒலி காதுக்குள் வரிசையாகத்தானே வருகிறது? வேரெழுத்துகளுக்கு இடையே உயிரோசை குறுக்கிடுகிறது, முன்னே 'மு' ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வரப்போகும் ஒலியை மூளை முழுச்சொல்லை வைத்து ஊகிக்கிறதா, வேரை மட்டும் பொறுக்கியெடுத்து ஊகிக்கிறதா என்பதே கேள்வி. காதுக்குச் சற்று மேலே ஒலியைப் பகுக்கும் மூளை மடிப்பின் செயற்பாடு வேரை வைத்த ஊகத்தோடு ஒத்துப்போனது. முழுச்சொல் ஊகத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அது நிலைத்தது.

இரண்டாவது முடிவு எனக்கு இன்னும் பிடித்தது. ரப்பு, ஹக்கு, ஹஜ்ஜு போல வேரின் கடைசி இரண்டு எழுத்துகளும் ஒன்றாக வரலாம். முதலிரண்டும் ஒன்றாக வரும் வேரை அரபு ஏற்பதில்லை. அந்த விதியை மீறிய போலிச்சொற்களைக் கேட்டவர்கள், 'இது சொல்லே அல்ல' என்று மற்றப் போலிச்சொற்களை விட எளிதாகத் தள்ளிவிட்டார்கள். எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் இருந்த கலீல் இப்னு அஹ்மத், தமது 'கிதாபுல் ஐன்' அகராதியை வேர்களை மாற்றி மாற்றி அடுக்கியே அமைத்தார். புழக்கத்தில் உள்ள வேர் எது, இல்லாதது எது என்று பிரித்தும் காட்டினார். அந்தப் பிரிப்பு அரபு கேட்பவர் தலைக்குள்ளும் நடப்பதைத்தான் இந்த ஆய்வு காட்டுகிறது.

குறைகளும் உண்டு. வேருக்குக் கொடுத்த இடத்தை ஆய்வாளர்கள் வஸ்னுக்குக் கொடுக்கவில்லை. ஸர்பு உஸ்தாத் ஒருவரும் வேரைத் தனியாகச் சொல்லித்தர மாட்டார். அது எந்த வஸ்னில் வந்தது என்று அடுத்த மூச்சிலேயே கேட்பார். பின்னர், ஊகத்தைக் கணக்கிட ஒரு சொற்தொகுதி வேண்டும். அத்தகைய தொகுதிகள் பெரும்பாலும் எழுத்து மொழியிலிருந்து எடுக்கப்படுபவை. அரபியரின் வீட்டுப் பேச்சோ வேறு. 'சொல்கிறார்' என்று எழுதிவிட்டு 'செல்லுற' என்று பேசும் கண்டி முஸ்லிமுக்கு இந்த இடைவெளியை விளக்க வேண்டியதில்லை. தனித்தனிச் சொற்களைக் கேட்டு முடிவுசெய்வதும் ஒரு ஆயத்தைக் கேட்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருமகன் காட்டிய செய்தி சொன்னதையோ கட்டுரை சொல்லவேயில்லை. அரபுக்குத் தனி மூளை கிடையாது. மரண்ட்ஸின் குழுவினரே ஆங்கிலச் சொற்களையும் மூளை பகுதி, விகுதியாகப் பிரிப்பதை இதே கருவியால் காட்டியிருக்கிறார்கள். பகுபத உறுப்பிலக்கணம் படித்த தமிழ் மாணவனுக்கு அதில் ஆச்சரியம் இராது. மேலும், ஆய்வில் கேட்டவர்கள் அரபைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நாமல்ல.

அந்த மருமகன் ஒரு ஹாபிழ். 'அல்லம பில்கலம்' என்று அழகாக ஓதிக் காட்டினார். "இதுல ஆலிம்சா எங்க ஈக்கிறார்?" என்று கேட்டேன். விளங்காமல் பார்த்தார். சொன்னதும் சிரித்துவிட்டார். முப்பது ஜுஸ்உவும் நெஞ்சில் இருக்கிறது, வேர் தெரியாது. அடுத்த ஒலி என்னவென்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும், ஆனால் அது மனனத்தால் தெரிகிறது. மனனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஹிப்ழு முடித்த பிள்ளைக்கு ஸர்பை 'பிறகு பாக்கலாம்' என்று ஒத்திவைக்கும் நம் வழக்கத்தில் எது தவறிப்போகிறது என்று நாம் கேட்பதில்லை.

நம் ஊரில் செய்ய வேண்டிய ஆய்வு இதுதான். ஒரே மஹல்லாவில் ஸர்பு ஓதாத ஹாபிழ்கள் சிலர், ஓதிய ஹாபிழ்கள் சிலர். அவர்களுக்குத் தெரிந்த ஆயத்துகளையும், அதே வேர்களில் அவர்கள் கேட்டிராத சொற்களையும் கேட்கச் செய்ய வேண்டும். இதற்குத் திரவ ஹீலியம் தேவையில்லை. வைத்தியசாலைகளில் வலிப்பு நோயாளருக்குப் பயன்படும் இ.இ.ஜி. கருவி இடத்தைச் சரியாகக் காட்டாவிட்டாலும் நேரத்தைக் காட்டும். பேராதனையில் மருத்துவ பீடமும் அரபு, இஸ்லாமிய நாகரிகத் துறையும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன.