வொலஸின் மரக்கலத்தில் இருந்த மற்றவர்கள்

அல்பிரட் ரசல் வொலஸ் 1869இல் வெளியிட்ட 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்ற ஆங்கிலப் பயண நூலை நான் மூன்று தடவைகள் வாசித்திருக்கிறேன். முதல் வாசிப்பு பள்ளிப் பருவத்தில், அதில் வரும் பறவைகளுக்காக. இரண்டாவது வாசிப்பின்போது எட்வேர்ட் சைத்தின் 'கீழைத்தேயவியல்' பக்கத்தில் இருந்தது. அப்போது நூலின் ஓரங்களில் நான் எழுதிவைத்தது வாசிப்புக் குறிப்பல்ல, குற்றப்பத்திரிகை. மூன்றாவது வாசிப்பு அண்மையில் ஒரு நோன்பு விடுமுறையில் நிகழ்ந்தது. முதல் இரண்டு வாசிப்புகளிலும் நான் வொலஸை மாத்திரமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது இம்முறைதான் உறைத்தது. ஒரு தடவை அவரை வியந்தேன், மறுதடவை அவரைத் திட்டினேன். அவருடைய மரக்கலத்தில் இருந்த மற்றவர்களை இரு தடவையும் பார்க்கவில்லை.

1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்திறங்கிய வொலஸ், எட்டு ஆண்டுகளில் இத்தீவுகளுக்கிடையே ஏறத்தாழ 14,000 மைல்கள் அலைந்தார். அவர் கொண்டுசென்ற உயிரின மாதிரிகளின் எண்ணிக்கை 125,660. அவற்றுள் ஒரு பகுதியை லண்டனில் இருந்த முகவர் மூலம் விற்றே அவர் பயணச் செலவைச் சமாளித்தார். அவர் செல்வந்தரல்லர், அரச கப்பலில் வந்தவருமல்லர். அதனால் உள்ளூர்க் கலங்களில், உள்ளூர் மாலுமிகளோடுதான் பெரும்பாலும் பயணம் செய்தார். நூலின் சிறப்பும் சிக்கலும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

நூலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, 1856 டிசம்பரில் மக்காசரிலிருந்து ஆரு தீவுகளுக்குச் சென்ற பயணம். சுமார் 70 தொன் கொள்ளக்கூடிய பாய்க்கலம் அது. வடமேல் பருவக்காற்றோடு கிழக்கே போய், தென்கீழ்க் காற்றோடு திரும்பிவரும் பழைய வணிகப் பாதை. மூங்கில் தட்டும் ஓலைக் கூரையுமாக ஒரு சிறு அறை அவருக்குக் கிடைக்கிறது. அதுவரை கடலில் தனக்குக் கிடைத்தவற்றுள் மிகச் சுகமான இடம் அதுவே என்கிறார். தாரும் பெயின்ரும் எண்ணெயும் நாறும் ஐரோப்பியக் கப்பல்களோடு ஒப்பிட்டு, பிரம்பும் தும்புக் கயிறும் ஓலையும் தரும் மணத்தைப் பாராட்டுகிறார். இக்கலத்தில் நேரம் பார்க்க ஒரு சிரட்டை இருந்தது. வாளித் தண்ணீரில் மிதக்கும் பாதிச் சிரட்டையின் அடியில் நுண்ணிய துளை. அது நிறைந்து மூழ்கினால் ஒரு மணித்தியாலம். தனது கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு ஒரு நிமிடமும் தேறவில்லை என்று வியக்கிறார். இந்த இடத்தில் அவர் ஒரு நல்ல எழுத்தாளர். பொருளைக் கையிலெடுத்து, அது எப்படி இயங்குகிறது என்று நமக்குக் காட்டுகிறார்.

மனிதர்களிடம் வரும்போது இந்தப் பார்வை மாறிவிடுகிறது. வழியில் கேய் தீவு மக்கள் பாடிக்கொண்டே வள்ளங்களில் வந்து கலத்தில் ஏறுகிறார்கள். அவர்களின் ஆரவாரத்தைக் கண்டு மலாய் மாலுமிகள் முகம் சுளிக்கிறார்கள். வொலஸுக்கு இது, ஒழுக்கமாக அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடையே குழப்படிக்காரப் பையன்கள் புகுந்துவிட்டதைப் போலத் தெரிகிறது. உவமையைக் கவனியுங்கள். ஏறியவர்களும் பிள்ளைகள், ஏற்கெனவே இருந்தவர்களும் பிள்ளைகள். வளர்ந்தவர் ஒருவரே: குறிப்பெடுத்துக்கொண்டிருப்பவர். ஆனால் அதே கேய் மக்கள் இரும்பாணி எதுவுமின்றி மரமுளையாலும் பிரம்பாலும் கட்டும் படகுகளைப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவின் தேர்ந்த கப்பற் தச்சனாலும் இதைவிட நெருக்கமாகப் பலகை பொருத்த முடியாது என்று எழுதுபவரும் அவரே. படகைப் பெரியவர்களின் வேலையாகப் பார்க்கிற கண், அதைக் கட்டியவர்களைப் பிள்ளைகளாகப் பார்க்கிறது. நூல் முழுவதும் ஓடும் முரண் இது.

இந்த முரணைச் சுட்டிவிட்டு, "இதுவும் ஏகாதிபத்தியப் பிரதிதான்" என்று கோப்பை மூடிவிடலாம். எனது இரண்டாவது வாசிப்பு அதைத்தான் செய்தது. ஆனால், அப்படி மூடிவிட்டால் வனும்பாயில் நடந்தது நமக்குக் கேட்காது.

ஆருவின் உட்பகுதியிலுள்ள சிற்றூர் வனும்பாய். ஒரு மாலை அவ்வூரார் வொலஸைச் சூழ்ந்துகொண்டு அவருடைய நாட்டின் பெயரைக் கேட்கிறார்கள். அவர் சொல்கிறார். அவர்கள் நம்பவில்லை. எந்த நாட்டுக்காவது இப்படி வாயில் நுழையாத பெயர் இருக்குமா? எங்கள் ஊர்ப் பெயரை எவரும் சொல்லலாமே. நீர் போன பிறகு உம்மைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒரு பெயர் வேண்டாமா? உண்மையைச் சொல்லும் என்று மன்றாடுகிறார்கள். பிறகு இன்னொரு விடயம் கேட்கிறார்கள். முன்னொரு காலத்தில் தங்கள் மக்களில் பலர் கடலோடு காணாமற் போனார்கள். உமது நாட்டில் அவர்களைக் கண்டீரா? அவர் இறைச்சி நீக்கிப் பதப்படுத்தும் பறவைகளெல்லாம் அவரது நாட்டை அடைந்ததும் உயிர்பெறும் என்றும் அவர்கள் கருதுகிறார்கள்.

வொலஸ் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். ஆயினும் ஒன்றையும் மறைக்கவில்லை. அவருடைய நேர்மை அவரையே மீறிச் செல்லும் இடம் இது. வாசிக்கும்போது பாத்திரங்கள் இடம் மாறிவிடுகின்றன. விசாரிப்பவர்கள் ஊரார், விசாரிக்கப்படும் விநோதப் பிராணி அவர். அவர்களுக்குப் பெயர் வைக்க வந்தவருக்குப் பெயர் வைக்க அவர்கள் முயல்கிறார்கள்.

காணாமற் போனவர்களைப் பற்றிய கேள்வியும் வெறும் பேதைமை அல்ல. அக்கடல்களிலிருந்து மனிதர்கள் உண்மையாகவே கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆருவாசிகளைப் பற்றி நான் சொல்லவில்லை. வொலஸ் கடந்த துறைமுகங்களைப் பற்றிச் சொல்கிறேன். மக்காசரின் ஷெய்கு யூசுபை ஒல்லாந்தர் 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தினர். 1694இல் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பும்வரை அவர் இங்கிருந்தே எழுதினார். கோவா, தீதோர், பச்சான் அரச குடும்பத்தவர்களும் பின்னர் இங்கு வந்தனர். நமது மலாய்ச் சமூகத்தின் வேர்களுள் ஒன்று அந்தக் கடலில் கிடக்கிறது. வொலஸின் நூல் லண்டனில் வெளியான அதே 1869இல், பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை அரபெழுத்தில் அச்சிட்டார். எழுதப்படும் பொருளாக ஒரு நூலில் நின்றவர்களின் உறவினர், அதே ஆண்டில் எழுதுபவர்களாகவும் இருந்தார்கள். இவ்விரு நூல்விபரங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு இத்தனை காலம் எடுத்தது.

இனி அலி. சரவாக்கைச் சேர்ந்த மலாய் இளைஞன். சமைக்க வந்து, பறவை சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, ஏனைய பையன்களுக்குத் தலைவனாகி, 1862இல் வொலஸ் ஊர் திரும்பும்வரை கூட இருந்தவர். 1858இல் பச்சான் தீவில், இடுப்பில் பறவைகள் தொங்க வந்து, இதோ ஒரு விசித்திரமானது என்று ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறார். மேற்குலக விஞ்ஞானம் அதுவரை அறிந்திராத சுவர்க்கப் பறவை அது. மறு ஆண்டு லண்டனில் அதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'செமியோப்டெரா வொலேசி'. சுட்டவர் அலி, பெயர் வொலஸ். ஆருவில் முதன்முதல் கிடைத்த அரச சுவர்க்கப் பறவையைக் கொண்டுவந்தவன் பதெரூன் என்ற பையன். அந்தப் பறவையைக் கையில் ஏந்தி வொலஸ் எழுதும் பக்கம் புகழ்பெற்றது: நாகரிக மனிதன் இக்காடுகளை அடையும் நாளில் இவ்வழகுகள் அழியும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. அவன் ஏற்கெனவே வந்துவிட்டான் என்பதை அவர் எழுதவில்லை. பதெரூனோ சூதில் பணத்தை இழந்து, கடன்பட்டு, கதையிலிருந்து விலகிப்போகிறான்.

வொலஸ் இவர்களின் பெயர்களை எழுதியிருக்கிறார். யார் சுட்டது என்பதையும் மறைக்கவில்லை. அக்காலப் பயண நூல்கள் பலவற்றில் இது கிடையாது. அந்தக் கடனை நாம் அவருக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஆறு மாதம் ஆருவில் இருந்து, ஏறத்தாழ 1,600 இனங்களைச் சேர்ந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளோடு திரும்பியவர், தன்னோடு ஒரே கலத்தில் உறங்கிய இளைஞன் ஊரை நினைத்தானா, யாருக்காக உழைத்தான் என்று ஒரு பக்கம் எழுதவில்லை. 1907இல் தெர்னாத்தேயில் அமெரிக்க விலங்கியலாளர் தோமஸ் பார்பரின் முன் நீலத் துருக்கித் தொப்பியணிந்த முதியவர் ஒருவர் வந்து, தன்னை 'அலி வொலஸ்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டதாகப் பார்பர் பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பெயரை வாசித்ததும் நூலை மூடிவைத்துவிட்டேன். பறவைக்குக் கிடைத்த பெயரை அந்த மனிதர் தனக்கும் எடுத்துக்கொண்டார். அதைப் பெருமை என்பதா, உரிமை கோரல் என்பதா? என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

நூலின் கடைசி அத்தியாயத்தில் வொலஸ் ஐரோப்பாவின் மீது திரும்புகிறார். சட்டமும் நீதிமன்றமும் இல்லாத இச்சிற்றூர்களில் மனிதன் அயலவனின் உரிமையை மதிக்கிறான், நாமோ ஒழுக்கத்தில் இன்னும் காட்டுமிராண்டிகள் என்கிறார். சைத்தின் கோல் கொண்டு மாத்திரம் இந்த நூலை அளந்தால் இப்பக்கத்தை எங்கே வைப்பது? எனவே எனது வேண்டுகோள் எளிமையானது. வொலஸைப் புகழவோ தண்டிக்கவோ முன்னர், வனும்பாய் ஊராரின் கேள்விகளையும் அலியின் கையையும் பின்தொடர்ந்து அவரை வாசிப்போம். அந்நூலில் அவர்களும் பேசுகிறார்கள். நாம் காது கொடுக்கவில்லை.

இதை எழுதும்போது எனது பழைய கட்டுரையொன்றைத் தேடியெடுத்தேன். மன்னார்க் கடலில் ஒரு தோணிப் பயணம் பற்றியது. நண்பர்கள் அப்போது பாராட்டினார்கள். காற்றும் மணலும் என் சிந்தனைகளும் அதில் நிறையவே உண்டு. எங்களை அழைத்துச்சென்று, கரையில் மீன் சுட்டுத் தந்த தண்டயலை நான் 'தோணிக்காரர்' என்றே மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். அவருடைய பெயரை நான் கேட்கவேயில்லை. வொலஸ் கேட்டிருந்தார்.