ஆசான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை

குமரி மாவட்டத்தில் வர்ம ஆசானிடம் சேரும் பையனுக்கு முதல் சில ஆண்டுகள் உடலின் உயிர்நிலைகளான வர்மப் புள்ளிகளில் ஒன்றைக்கூட யாரும் சொல்லித் தருவதில்லை. அவன் வைத்தியசாலையைக் கூட்டுவான், மருந்து இடிப்பான், எண்ணெய் காய்ச்சும்போது அடுப்படியில் நிற்பான். தென்னையிலிருந்து விழுந்தவரைத் தூக்கி வந்தால் காலைப் பிடித்துக்கொள்வான். களரியில் சுவடு வைத்துப் பழகுவான். ஆசானின் விரல் எங்கே போகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். கேள்வி கேட்கும் உரிமை மெல்லத்தான் வரும். பன்னிரண்டு ஆண்டு உடனிருந்தவனுக்கே உள்விஷயம் சொல்ல வேண்டும் என்று இந்த மரபில் ஒரு கணக்கு உண்டு.

நாஞ்சில் நாட்டைவிட, மேற்கே விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில்தான் இந்த முறை ஆழமாக வேரோடியிருக்கிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது ஆசான்கள் சொல்லும் எண்ணிக்கை. அடிபட்டவர் மயங்கினால் அதற்குரிய அடங்கல் என்னும் மீட்புப் புள்ளியைத் தூண்டி இளக்க வேண்டும் என்பதும் அவர்கள் பாடம். சாய்க்கிற அறிவும் எழுப்புகிற அறிவும் ஒன்றாகவே இருப்பதால், எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கு முன்பே யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

பார்த்துக் கற்பதைப் பற்றி உளவியல் சொல்வதை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 1961இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியின் 72 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள், அதே அடிகளை, அதே சொற்களோடு திருப்பிச் செய்தார்கள். 1965இல் வெளிவந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் படத்தில் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால், பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படமும் உண்டு என்றதும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். பார்த்ததெல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தது. வெளியே வராமல் தடுத்தது தண்டனை பற்றிய பயம்.

ஆசான் முறையின் பலம் இங்கேதான் புரிகிறது. பையன் ஆண்டுக்கணக்கில் பார்ப்பது அடியை அல்ல, அடிபட்டவரை. முறிந்த எலும்பின் வலியை முகத்துக்கு நேரே பார்க்கிறான். பதறாமல் கட்டுப்போடும் கையையும் பார்க்கிறான். கையின் அழுத்தத்தோடு அடக்கமும் சேர்ந்து படிகிறது. முன்கோபக்காரன் அடுப்படியைத் தாண்டி உள்ளே வரமுடியாது. 1996இல் ‘இந்தியன்’ படம் வர்மத்தைத் தமிழகம் முழுதும் கொண்டுபோனது. ஆனால் அதைப் பார்த்து இரண்டு விரலை நீட்டிய பையன்கள் எடுத்துக்கொண்டது தாக்குதலை மட்டுமே. வைத்தியசாலையில் கிடைக்கும் மறுபாதியைத் திரையில் தேட முடியாது.

இந்தப் பலத்தை ஒத்துக்கொண்ட பிறகும் எனக்குக் கவலை உண்டு. தன் செயலைத் தானே கவனிப்பது, ஓர் அளவுகோலை வைத்து மதிப்பிடுவது, அதற்கேற்பத் தன்னைப் பாராட்டுவது அல்லது கண்டிப்பது ஆகியவைதான் சுயகட்டுப்பாடு என்று பண்டூரா பின்னாளில் எழுதினார். ஆசான் முறையில் இந்த மூன்றையும் நெடுங்காலம் ஆசானே செய்கிறார். அவர் கண் மறைந்த பிறகு சிஷ்யனின் கை எப்படி நடக்கும் என்பதற்கு அவர் கணிப்பைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை.

அதைவிடப் பெரிய குறை, ஆசானைத் திருத்த ஆளில்லாதது. எந்தக் கட்டு கோணலாகக் கூடியது, யாரை மருத்துவமனைக்கு முன்பே அனுப்பியிருக்க வேண்டும் என்பதற்குப் பெரும்பாலும் பதிவு கிடையாது. பார்த்துக் கற்பவன் தவற்றையும் சேர்த்தே கற்கிறான். கேள்வி கேட்காமல் கற்றவன் அதைத் தவறு என்று அறியவே வழியில்லை. இம்மாவட்டத்து ஆசான்களிடையே ஆய்வு செய்து ரோமன் சீலர் 2015இல் வெளியிட்ட நூலும் இந்த வித்தையைச் சூழ்ந்த ரகசியத்தைத்தான் மையமாக எடுத்துப் பேசுகிறது. ரகசியம் ஆபத்தான அறிவைக் காப்பது உண்மை. அதுவே ஆசானின் பிழையையும் காப்பாற்றிவிடுகிறது. பெண்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தியதும், தகுந்த சிஷ்யன் அமையாத ஆசானோடு அவர் கற்றதெல்லாம் மண்ணுக்குப் போவதும் இதன் விளைவே.

இன்று சித்த மருத்துவப் படிப்பில் வர்மமும் பாடம். இதே மாவட்டத்தில் முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வகுப்பறையில் பெண்கள் படிக்கிறார்கள், கேள்வி கேட்கலாம், தேர்வு எல்லாருக்கும் ஒன்று. அங்கே கிடைக்காதது, ஒரே கையை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு. சில நாள் பயிற்சிக்குச் சான்றிதழ் தருபவர்களிடமோ ஆசானின் கண்ணும் இல்லை, கல்லூரியின் கேள்வியும் இல்லை. மூன்றிலும் மோசமானது அதுதான்.

சாய்க்கிற பாதியை ஆசான்கள் மறைத்தே வைத்திருக்கட்டும். எலும்பு கட்டுவதையும் இளக்குவதையும் மறைக்க நியாயம் இல்லை. வைத்தியசாலைக்கு வருபவரின் காயம், செய்த சிகிச்சை, ஒரு மாதம் கழித்து அவர் இருக்கும் நிலை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். எழுதும் வேலையைச் சிஷ்யனிடமே கொடுங்கள். அவன் தன் கையையும், தேவைப்பட்டால் உங்கள் கையையும், மதிப்பிடப் பழகட்டும்.