ஒரு கணக்கு, பல கைகள்

ஆய்வுத் தரவுக்குக் கடவுச்சொல்லோடு ஓ.டி.பி.யும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு வைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்ற பேச்சு கல்லூரிகளில் சாதாரணமாகிவிட்டது. நிதி கேட்கும் திட்ட அறிக்கையிலும் நெறிமுறைக் குழுவுக்கான படிவத்திலும் அதற்கென்று ஒரு வரி இருக்கிறது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வரிக்கு மவுசு கூடியிருக்கிறது. ‘வேலை செய்கிற எல்லாருக்கும் தனித்தனிக் கணக்கு என்பது நம் ஊர் நிலைமைக்கு ஒத்துவராது, ஓ.டி.பி. இருந்தால் போதும்’ என்று ஒரு சமாதானமும் கூடவே வருகிறது. அந்தச் சமாதானம் தவறானது. அது ஆய்வையே கெடுக்கும் என்றும் சொல்வேன்.

இரட்டைச் சரிபார்ப்பின் பயனை மறுக்க முடியாது. 2021இல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, இரண்டாம் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் கடவுச்சொல்லை வைத்துத்தான். இணையவழி அட்டைப் பரிவர்த்தனைக்கு ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் இதைக் கட்டாயமாக்கியது, இன்று ஓ.டி.பி. என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குறுஞ்செய்திக்குப் பதில் கைபேசிச் செயலியே 30 விநாடிக்கு ஒருமுறை எண்ணை உருவாக்கிக் கொடுத்தால் சிக்னலும் தேவையில்லை. ஃபெஞ்சல் புயல் போல ஒன்று வந்து கோபுரங்கள் ஓய்ந்து கிடக்கும் நாளில் இதன் அருமை தெரியும். இதெல்லாம் சரி.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒரு கணக்குக்கு ஓர் ஆள், ஓர் ஆளுக்கு ஒரு கைபேசி. நம் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் அப்படி இல்லை.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சியின் பயனாக 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 நிலக்கடலை பல மாநிலங்களுக்குப் பரவியது. விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இங்கே வயலிலும் வார்டிலும் எடுக்கப்படும் தரவு பேராசிரியர் மேசையில் பிறப்பதில்லை. நிலக்கடலையில் இலைப்புள்ளி நோய் எவ்வளவு என்று 1 முதல் 9 வரை மதிப்பெண் போட வேண்டும். ஆய்வு மாணவி வெயிலில் பாத்தி பாத்தியாக நின்று இலையைப் புரட்டிப் பார்த்துக் களப் புத்தகத்தில் குறிக்கிறார். சாயங்காலம் அதைக் கணினியில் ஏற்றுகிறவர் தற்காலிகப் பணியாளர். கணக்கோ வழிகாட்டிப் பேராசிரியரின் பெயரில். ஓ.டி.பி. போவது சென்னையில் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய கைபேசிக்கு.

“சார், ஓ.டி.பி. வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க சார்.”

அவர் ஆறு இலக்கங்களையும் படித்துச் சொல்கிறார். அவசரமென்றால் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிடுகிறார். ஆய்வு வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. எந்த ஒரு நிறுவனத்தின் தனிக்குறையும் அல்ல.

யார் கேட்டாலும் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் சொல்கின்றன. கேட்டவுடன் சொல்ல வேண்டும் என்று ஆய்வுக்கூடம் தினமும் பழக்குகிறது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் நுழைந்ததும் இப்படித்தான். ஒப்பந்ததாரர் ஒருவரின் கைபேசிக்கு அனுமதிக் கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருந்தான்; நிறுவனத்தின் கணினித் துறையிலிருந்து பேசுவதாக நம்பவைத்தான்; அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டார். குரல் கேட்டு எண் சொல்லிப் பழகிய பேராசிரியரிடம் அவ்வளவு பாடுகூடப் படவேண்டாம்.

இதைவிடப் பெரிய கேடு பதிவேட்டுக்கு நேர்கிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் உருவாகி இன்று உலகெங்கும் மருத்துவ ஆய்வில் புழங்கும் ரெட்கேப் போன்ற அமைப்புகளின் உயிரே அவற்றின் மாற்றப் பதிவுதான்: யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அதில் நிற்கும். 7 என்றிருந்த நோய் மதிப்பெண் ஓர் இரவில் 4 ஆனால், அதைச் செய்தவர் பேராசிரியர் என்றுதான் அது சொல்லும். கடவுச்சொல் மட்டும் இருந்த காலத்தில், ‘அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்று அந்தப் பதிவைச் சந்தேகிக்கவாவது இடம் இருந்தது. ஓ.டி.பி. வந்ததும் பொய்யான பதிவுக்குச் சாட்சியும் சேர்ந்துவிடுகிறது. நாளை விசாரணை வந்தால், மாற்றியவர் தப்பலாம். மாற்றாதவர் தன் நேர்மையை நிரூபிக்க வழியில்லை. வருகைப் பதிவேட்டில் பிறருக்காகப் போட்ட கையெழுத்துக்கு நோட்டரி முத்திரையும் குத்திய கதைதான் இது. இதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997லேயே மின்னணுக் கையொப்பம் ஒரே நபருக்கு உரியதாக இருக்க வேண்டும், வேறொருவருக்கு மாற்றித் தரக் கூடாது என்று விதித்துவிட்டது. ஆள் யார் என்பது முதலில் நிலைபெற வேண்டும். சரிபார்ப்பெல்லாம் அதற்குப் பிறகு.

ஒத்துவராது என்கிறார்களே, எது ஒத்துவராது? ஒரு கணக்கு திறக்கச் சில நிமிடங்கள் போதும். ஏற்றுகிறவருக்கு ஏற்ற மட்டும், சரிபார்க்கிறவருக்குச் சரிபார்க்க மட்டும் என்று அனுமதியைப் பிரித்துக் கொடுக்கலாம். எண் தரும் செயலிகள் இலவசம். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு ஒருமுறை மட்டும் செல்லும் எண்களை அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம். ஒப்பந்தம் முடிகிற நாளில் கணக்கை மூடலாம். இவற்றில் எதற்கும் கோடிகள் தேவையில்லை. உண்மையான தடை வேறு: வெயிலில் நின்று தரவு எடுப்பவரின் பெயர் அமைப்புக்குள் தனியாகத் தெரிவதை நம் கல்வி நிறுவனங்கள் இன்னும் விரும்பவில்லை. உழைப்பு கீழே, பெயர் மேலே என்ற பழைய வழக்கத்துக்கு ஓ.டி.பி. புதிய பூட்டாகிவிட்டது.

ஆகவே நிதி தருகிறவர்களும் நெறிமுறைக் குழுக்களும் இரட்டைச் சரிபார்ப்பு உண்டா என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. இந்தத் தரவைத் தொடுகிறவர்கள் எத்தனை பேர், கணக்குகள் எத்தனை என்று கேட்க வேண்டும். கணக்குகள் குறைவாக இருந்தால் அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.