ஆங்கிலத்தின் உடன்பிறப்பு எது?

ஆங்கிலத்திற்கு மிக நெருங்கிய அயல்மொழி எது என வினவின், படித்தோர் பலர் பிரெஞ்சு என்பர். குருமடத்தில் இலத்தீன் பயின்ற நம் போன்றோர் இலத்தீன் என்றே கூறிவிடுவோம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடிபுகுந்தது மெய்யே. ஆயினும், சொற்களை எண்ணி உறவு கூறுவது உடுத்திய ஆடையைக் கண்டு பெற்றோரைச் சொல்வதற்கு ஒப்பாகும். வடசொற்கள் மல்கிய மலையாளம் அதனால் தமிழுக்கு அயலாகிவிடவில்லையன்றோ?

இம்மயக்கத்தினும் நுட்பமானதொரு வாதத்தை, ஜோசப் எமண்ட்ஸ், யான் தார்யே ஃபார்லுண்ட் என்னும் மொழியியலார் இருவர் 2014இல் வெளியிட்ட 'ஆங்கிலம்: வைக்கிங்குகளின் மொழி' என்னும் நூலில் காண்கிறோம். பழைய ஆங்கிலம் மறைந்துபோயிற்று. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய டேனியர், நார்வேயர் ஆகியோரின் நார்ஸ் மொழியே பிற்கால ஆங்கிலமாயிற்று என்பது அவர்தம் துணிபு. சொற்களை எண்ணாது வாக்கிய அமைப்பை அவர்கள் எடைபோட்டது பாராட்டுக்குரியது. நார்வேய மொழியின் சொல்வரிசை பெரிதும் ஆங்கிலத்தை ஒத்தே நடக்கிறது. டச்சு மொழியோ துணை வாக்கியங்களில் நம் தமிழைப் போல வினையை இறுதியில் வைக்கிறது. 'அவர்கள்' எனப் பொருள்படும் 'தே' என்னும் ஆங்கிலச் சொல்லே நார்ஸ் தந்த கொடை. அத்தகைய பிரதிப்பெயரை ஒரு மொழி எளிதில் கடன் வாங்குவதில்லை.

எனினும் நூலின் முடிவு நமக்கு உடன்பாடன்று. நார்ஸ் மொழி 'வீடு' என்னும் பொருளுள்ள 'ஹூஸ்' என்பதைச் சுட்டிக் கூறுகையில், சுட்டினை ஈற்றில் ஒட்டி 'ஹூசித்' என்றது. ஆங்கிலம் அவ்வழக்கை ஒருபோதும் ஏற்கவில்லை. 2016இல் கிறிஸ்டின் பெக், ஜார்ஜ் வாக்டன் ஆகியோர் இந்நூலை மறுத்தெழுதி, ஆங்கிலம் இன்றும் மேற்கு ஜெர்மானிய மொழியே என நிறுவினர். அண்டை வீட்டாரோடு நெடுநாள் பழகியவன் அவர்களைப் போல நடக்கத் தொடங்குவான். அதனால் அவன் அவ்வீட்டில் பிறந்தவனாகிவிடான்.

பிறந்த வீட்டைக் காட்டுவது ஒலி. கோவிலைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல் 'கிர்க்யா'; டச்சுச் சொல் 'கெர்க்'. ஆங்கிலத்தில் மட்டும் முதல் ககரம் சகரமாகிச் 'சர்ச்' ஆயிற்று. நெதர்லாந்தின் வடக்கே, சில இலட்சம் மக்களே பேசும் ஃப்ரீசிய மொழியிலும் அக்ககரம் அவ்வாறே திரிந்து 'ட்செர்க்க' என நிற்கிறது. பாலாடைக்கட்டி ஆங்கிலத்தில் 'சீஸ்', ஃப்ரீசியத்தில் 'ட்ஸீஸ்'. டச்சு மொழியிலோ 'காஸ்'. ஸ்காட்லாந்தில் வழங்கும் ஸ்காட்ஸ் ஆங்கிலத்திற்கு இன்னும் அணுக்கமானதே, ஆனால் அது தனிமொழியா கிளைமொழியா என்னும் வழக்கு ஓயவில்லை, அது அயல்மொழியுமன்று. கடல்கடந்த உடன்பிறப்பு ஃப்ரீசியமே.

இவ்வுறவு நம் திருச்சபை வரலாற்றிலும் தடம் பதித்துள்ளது. 690இல் ஃப்ரீசியரிடம் மறைப்பணியாற்றச் சென்ற புனித வில்லிபிரார்டு இங்கிலாந்தின் நார்தம்பிரியாவில் பிறந்தவர். 754இல் அம்மக்களிடையே டோக்கும் என்னுமிடத்தில் உயிர்நீத்த புனித போனிப்பாசும் ஆங்கிலேயரே. இரு மொழிகளும் அந்நாளில் மிக அணுகியிருந்தமையால், அவர்கள் முன் நின்ற மொழிச்சுவர் உயரமானதாய் இருந்திருக்க இயலாது. இன்றோ ஃப்ரீசியர் பேசுவது ஆங்கிலேயருக்கு விளங்காது. உறவு வேறு, விளக்கம் வேறு. நூலாசிரியர்கள் இதனை வேண்டிய அளவு கருதவில்லை.

நூலை மூடிவைத்தபின், கர்த்தர் கற்பித்த செபத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தோம். தந்தை, விண்ணகம், பெயர், அப்பம், நாள் என எல்லாம் பழைய ஆங்கிலச் சொற்களே. குற்றம், சோதனை, மீட்பு ஆகிய இடங்களில் மட்டும் பிரெஞ்சு தலைகாட்டுகிறது. நார்ஸ் எங்கே எனத் தேடினோம். அப்பம் வேண்டிக் கேட்கும் 'கிவ்' என்னும் சொல்லில், யகரமாக மென்மையுற்றிருக்க வேண்டிய முதலெழுத்தை வன்மையாக நிறுத்தியது நார்ஸின் நாவே. செபம் முழுவதிலும் நாம் கண்ட நார்ஸ் சுவடு அது ஒன்றுதான்.