கரும்புச் செவ்வழுகல் களச்சோதனைகளில் கொத்துத் தரவும் சோதனை அலகும்

களச்சோதனையில் எண்ணப்பட்ட ஒவ்வொரு கரும்பையும் தனிச் சான்றாகக் கொள்வது, பயிர்நோய்த் தரவுப் பகுப்பாய்வில் தொடர்ந்து காணப்படும் குறையாகும். செவ்வழுகல் நோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இதனை உண்டாக்கும் கொலெட்டோட்ரைக்கம் ஃபால்கேட்டம் என்னும் பூசணம் முதன்மையாக நோயுற்ற விதைக்கரணை வழியாகவும், பின்னர் மழைநீர், பாசனநீர் வழியாகவும் பரவுகிறது. ஒரு கரணையிலிருந்து கிளைத்த கரும்புகள் ஒரே தூரில் நிற்பதால், அவற்றுள் ஒன்று நோயுற்றால் மற்றவையும் நோயுறும் வாய்ப்பு மிகுகிறது. ஆகவே நோய் வயலில் கொத்துக்கொத்தாகவே அமைகிறது.

மூன்று கரணை நேர்த்தி முறைகளை நான்கு தொகுதிகளில் ஒப்பிடும் சோதனை ஒன்றைக் கருதலாம். 12 பாத்திகளில் பாத்திக்கு 50 கரும்பு வீதம் 600 கரும்புகள் எண்ணப்படுகின்றன. பாத்திக்குள் ஒட்டுறவுக் கெழு 0.1 எனின், மாறுபாட்டுப் பெருக்கம் 1 + 49 × 0.1 = 5.9. அதாவது 600 கரும்புகள் தரும் செய்தி, ஏறத்தாழ 102 தனிக் கரும்புகள் தரும் செய்திக்கே ஈடாகும். 600-ஐயும் தனித்தனியாகக் கொண்டு கைவர்க்கச் சோதனை செய்தால், இல்லாத வேறுபாடும் பொருண்மையுடையதாகத் தோன்றும்.

சமவாய்ப்பு முறையில் நேர்த்தி ஒதுக்கப்பட்ட அலகே பிழையை அளக்கும் அலகு என்பது ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு நூலின் அடிப்படை. இதனை மீறுவதை ஹர்ல்பர்ட் 1984-இல் 'போலி மறுபதிவு' எனச் சுட்டினார். பாத்திச் சதவீதங்களைக் கோண மாற்றம் செய்து மாறுபாட்டுப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தும் பழைய வழக்கம் சரியான அலகைக் காக்கிறது. இது அதன் சிறப்பு. ஆயினும் அம்மாற்றம் ஈருறுப்புப் பரவலை அடிப்படையாகக் கொண்டது. கொத்தமைவின் அளவை அது வெளிப்படுத்துவதில்லை. ஹியூஸ், மேடன் ஆகியோர் 1993-இல் நோய்த் தாக்கத்திற்குப் பொருத்திக் காட்டிய பீட்டா-ஈருறுப்புப் பரவல் அவ்வளவையும் மதிப்பிடுகிறது. தொகுதி, பாத்தி, தூர் ஆகியவற்றைச் சமவாய்ப்பு விளைவுகளாகக் கொள்ளும் கலப்பு மாதிரிகளும் இப்பணிக்கு ஏற்றவை. எனினும் மேற்கண்ட சோதனையில் பிழைக்குரிய விடுமைப் படிகள் 6 மட்டுமே. எந்த மாதிரியும் இக்குறையை ஈடுசெய்யாது. மறுபதிவுகளைக் கூட்டுவதே வழி.

இது கணக்கியல் நுணுக்கத்தோடு முடிவதன்று. காட்டேரிக்குப்பம் போன்ற ஊர்களில், தவறான பரிந்துரை உழவரின் நேர்த்திச் செலவை வீணாக்குவதுடன், நோயை மறுதாம்புப் பயிருக்கும் கடத்தும். எனவே சோதனை அலகு, மறுபதிவு எண்ணிக்கை, கொத்து ஒட்டுறவு ஆகிய மூன்றையும் தெரிவிக்காத ஆய்வு முடிவுகளைப் பரிந்துரைக்கு ஆதாரமாகக் கொள்ளல் பொருந்தாது.